அணிக்கு ஒரு அம்பயர்

டன்வெல், நெப்ராஸ்கா
11 ஏப்ரல் 1999

ஆல்வின் அண்ணனுக்கு,

வெர்னா எழுதுகிறேன். முன்னால் "அன்புள்ள" இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

இரண்டு தடவை போன் பண்ணினேன். நீ "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் கத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். காகிதத்தில் கத்த முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் ஊர்ப் பன்னிரண்டு வயதுப் பையன்களின் பேஸ்பால் அணிக்கு ஜூலையில் ஒஹையோவில் நடக்கிற பெரிய போட்டியில் இடம் கிடைத்துவிட்டது. நாடு முழுவதிலும் இருந்து அணிகள் வருகிற போட்டி. டன்வெல் என்றால் "அது எங்க இருக்கு?" என்று கேட்கிறவர்கள் முன்னால் நம் பையன்கள் ஆடப்போகிறார்கள். கோச் ரேண்டி கடிதத்தை டிராக்டர் மேல் உட்கார்ந்து படித்தவன், அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதானாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. வருகிற ஒவ்வொரு அணியும் கூடவே ஒரு அம்பயரையும் கூட்டிவர வேண்டும். பரீட்சை எழுதித் தேறியவராக இருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர் மற்ற அணிகளின் ஆட்டங்களுக்கு நிற்பார். அம்பயர் இல்லாத அணியின் இடம் அடுத்து காத்திருக்கிற அணிக்குப் போய்விடும். ஏப்ரல் முடிவதற்குள் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் மாவட்டத்தில் தேறிய அம்பயர்கள் இரண்டே பேர். லீராய், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறார். மிச்சம் இருப்பது நீ.

போன ஜூன் மாதத்தை நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. மாவட்ட இறுதி ஆட்டம். என் ஜேரட் மூன்றாவது பேஸிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சறுக்குகிறான். ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன், ஆட்டம் சமன். புழுதி அடங்குவதற்குள் நீ கையைத் தூக்கி "அவுட்" என்றாய். ஆட்டமும் போயிற்று, சீசனும் போயிற்று. சொந்தத் தாய்மாமன்! ஊரே பார்க்க வேலியைப் பிடித்துக்கொண்டு நான் கத்தினேனே, அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நிமிஷம் உனக்குத் துளியாவது சந்தேகம் இருந்ததா?

வருவாயா மாட்டாயா என்பதை மட்டும் உடனே எழுது. எனக்காக இல்லை, பையன்களுக்காக.

வெர்னா

*

கிராஸ் லேக் சாலை
17 ஏப்ரல் 1999

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் போட்டிருக்கிறேன், பார்.

போனை வைத்தது நீதானா? மாட்டுத் தீவனம் விற்கிறவன் என்று நினைத்து இரண்டாவது தடவை கொஞ்சம் மோசமாகத் திட்டிவிட்டேன். காதில் விழுந்திருந்தால் மன்னித்துக்கொள்.

வருகிறேன். என் பெயரை இன்றைக்கே அனுப்பிவிடு.

சந்தேகம் பற்றிக் கேட்டிருந்தாய். இல்லை. பந்தைப் பிடித்த கேட்சரின் கையுறை முதலில் அவன் முழங்காலைத் தொட்டது, அதற்குப் பிறகுதான் அவன் பாதம் பிளேட்டைத் தொட்டது. சந்தேகம் இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. தூக்கம் நன்றாகத்தான் வருகிறது. சாப்பாடுதான் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருவது நின்றதிலிருந்து டப்பாவைத் திறந்து பீன்ஸ் தின்கிறேன், நாய்கூட என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் சறுக்கினானே, அதைப் போல ஒரு சறுக்கலை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. பெரியவர்களுக்குக்கூட அது வராது. அவ்வளவு அழகாக வந்தவனைப் பார்த்து "அவுட்" என்று சொல்ல எனக்கு மட்டும் இனித்ததா?

சில விஷயங்களை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை வரக்கூடாது. நம் பையன்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு என்னைப் போடமாட்டார்கள். அம்பயர்களுக்கென்று தனிக் கொட்டகை, அங்கேதான் படுக்கை. அணியோடு உட்கார மாட்டேன். "அந்த அம்பயர் எப்படி, எந்தப் பந்தை ஸ்ட்ரைக் குடுப்பாரு?" என்று ரேண்டி வந்து கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் சரி.

உன் அண்ணன்,
ஆல்வின்

*

டன்வெல்
16 மே 1999

ஆல்வின் அண்ணனுக்கு,

உன் பெயரை அனுப்பியாயிற்று, அவர்களும் ஒத்துக்கொண்டாயிற்று. அதற்குள் இங்கே ஒரு கலவரமே நடந்து முடிந்தது.

சர்ச் அடித்தளத்தில் பெற்றோர் கூட்டம். ரேண்டி உன் பெயரைச் சொன்னதுதான் தாமதம், மர்லா எழுந்துவிட்டாள். பந்து வீசுகிற நம் பிட்சர் பையனின் அம்மா, உனக்குத்தான் தெரியுமே, அவள் குரல் ரயில் பாதை வரை கேட்கும். "யாரு, அந்த ஆளா? சொந்த மருமகனையே அவுட் குடுத்து அனுப்பினவரு! அவரையா நம்ம ஊரு சார்பா கூட்டிட்டுப் போறது? அசிங்கமா இல்ல?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "அதத்தான்டி நானும் சொல்றேன். சொந்த மருமகனுக்கே பாக்காதவரு எவனுக்குப் பாப்பாரு? ஒஹையோல போய் நம்ம ஊரு பேரச் சொல்ற மாதிரி அம்பயர் வேணும்னா அவருதான். வேற ஆள் வேணும்னா உன் புருஷனப் பரீட்சை எழுதச் சொல்லு. காருக்கு எந்தப் பக்கம் பெட்ரோல் போடணும்னே அவருக்கு இன்னும் தெரியாது!" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் புருஷனும்தான் சிரித்தார். மர்லா உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தின பிறகுதான் உறைத்தது. ஊர் முன்னால் நின்று உன்னைப் புகழ்ந்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கே எரிச்சலாக இருந்தது.

மற்ற வேலைகளைக் கேள். இந்தப் போட்டியில் பையன்கள் ஒருவருக்கொருவர் சட்டையில் குத்துகிற பின்களை மாற்றிக்கொள்வார்களாம். ஒவ்வொரு அணியும் தனக்கென்று ஒரு பின் செய்து பை பையாகக் கொண்டுவர வேண்டும். ஆட்டத்தைவிட அதில்தான் பையன்களுக்குப் பைத்தியம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நம் அணி "டன்வெல் பீட்ஸ்" அல்லவா, ஒரு பீட் கிழங்கு மட்டையைச் சுழற்றுகிற மாதிரி வரைந்து அனுப்பினேன். பின்கள் வந்து இறங்கின. பார்த்தால், மீசை வைத்த முள்ளங்கிக்குப் பல்வலி வந்த மாதிரி இருக்கிறது! திருப்பி அனுப்ப நேரமில்லை. ஜேரட் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

பையன்கள் தினமும் பள்ளி விட்டதும் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். போன வாரம் அடித்த காற்றில் பந்து மேலே போனால் எங்கே இறங்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். "காத்தெல்லாம் நமக்குப் பழக்கம்தானே, அங்க வர்றவங்களுக்கு என்ன தெரியும்"னு சொல்லிக்கொண்டு ஆடுகிறான்கள். ரேண்டி பிட்சிங் பழக்க, ஒரு தகரத் தட்டைத் தொங்கவிட்டிருக்கிறான். டங் டங் என்று சத்தம் எங்கள் வீடு வரை கேட்கிறது. பார்த்தால் நெஞ்சு நிறைகிறது அண்ணா, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. கோதுமை இந்த வருஷம் ஜூலை நடுவிலேயே அறுப்புக்கு வரும் போலிருக்கிறது. பெற்ற அப்பாதான், ஆனாலும் கெய்த்தால் அறுவடை இயந்திரத்தை விட்டு இறங்க முடியாது. தானியக் கிடங்கில் எடைமேடைக்கு நான் இல்லாவிட்டால் லாரிகள் நெடுஞ்சாலை வரை நிற்கும். எங்கள் இரண்டு பேராலும் வர முடியாது. என் பையன் வாழ்க்கையில் ஆடப்போகிற பெரிய ஆட்டத்தை நான் பார்க்கப் போவதில்லை. எழுதும்போதே கண் கலங்குகிறது, விடு.

ஸ்கோரை ரேண்டி போனில் சொல்லிவிடுவான். நீ எனக்கு ஸ்கோர் எழுதாதே. ஜேரட் எப்படி நிற்கிறான், எப்படி நடக்கிறான், தோற்றால் முகம் எப்படி இருக்கிறது, அதை எழுது. உன் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. கெய்த் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

வெர்னா

*

கிராஸ் லேக் சாலை
6 ஜூன் 1999

அன்புள்ள வெர்னாவுக்கு,

மூன்று ஞாயிறாக உன் வீட்டு ரோஸ்டும் கோஸ் அடைத்த பன்னும் உள்ளே போனதில் என் அம்பயர் பேன்ட் இடுப்பில் ஏறமாட்டேன் என்கிறது. இதற்குப் பொறுப்பு நீ.

என் பக்கத்துத் தயாரிப்பையும் கேட்டுக்கொள். காலையில் வேலி ஓரமாக நடக்கிறேன். மாட்டுச் சந்தையில் சூட்டுக்குறி பார்த்துச் சீட்டு எழுதுகிற வேலையில் நாள் முழுக்க நின்றே பழகிய கால்தான், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம் குனிந்து நிற்பது வேறு கதை. அப்புறம் குரல். குரல் தளர்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள். கொட்டகையில் நின்று "ஸ்ட்ரைக்!" என்று கத்திப் பழகுகிறேன். கன்றுக்குட்டிகள் முதலில் மிரண்டன, இப்போது அசைபோட்டுக்கொண்டே கேட்கின்றன. அவைகளாவது வேலிப் பக்கம் வந்து திட்டுவதில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன், சிரிக்காதே. அந்த வாரம் வருகிற அத்தனை அம்பயர்களிலும் நன்றாக நின்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்து இறுதி ஆட்டத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிறுத்துவார்களாம். அரங்கு நிறைய ஜனம், விளக்கு வெளிச்சம், ஒலிபெருக்கியில் அம்பயர் பெயரையும் ஊரையும் சொல்வார்கள். நான் ஆயுசு பூராவும் வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்கிற மைதானங்களில் நின்றவன். ஒரே ஒரு தடவை அங்கே நிற்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் வேறு என்ன ஆசை இருக்கிறது எனக்கு?

ஆனால் இடிக்கிற இடத்தைப் பார். நம் பையன்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டால் நான் நிற்க முடியாது. சொந்த அணியின் ஆட்டமாகிவிடும். அதாவது, என் ஆசை நிறைவேற வேண்டும் என்றால் உன் மகன் தோற்க வேண்டும்.

நான் நல்ல மாமன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்.

உன் அண்ணன்,
ஆல்வின்

*

டன்வெல்
7 ஜூலை 1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

போட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாதே.

நாளைக் காலையில் வேனில் ஏறும்போது இதை உன் கையில் திணிக்கப் போகிறேன். எதிரே நின்று சொன்னால் அழுதுவிடுவேன், ரேண்டி பார்த்தால் ஊர் முழுக்கச் சொல்லுவான்.

உன் ஆசையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது உன்னை அங்கே நிறுத்த வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் சர்ச்சில் முட்டி போட்டால் என் வாயில் எந்த வேண்டுதல் வரும் என்று உனக்கே தெரியும். அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே. உன்னால் என்னிடம் பொய் சொல்ல முடியாத மாதிரி, என்னாலும் முடியவில்லை.

ஜேரட்டுக்குத் தக்காளி ஆகாது, மறந்துவிடாதே. பல் தேய்த்தேன் என்பான், தேய்த்திருக்க மாட்டான். தோற்றால் பேசமாட்டான், அப்போது விட்டுவிடு, பேச்சுக் கொடுக்காதே. நீ பக்கத்தில் போகக்கூடாது என்பது தெரியும், தெரிந்தும் எழுதுகிறேன்.

உன் தங்கை,
வெர்னா

*

அம்பயர் கொட்டகை, ஒஹையோ
15 ஜூலை 1999

அன்புள்ள வெர்னாவுக்கு,

நாற்பது அம்பயர்கள் ஒரே கொட்டகையில் குறட்டை விட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? நம் கிடங்கில் ரயில் வந்து தானியம் ஏற்றுகிற மாதிரி இருக்கும். எனக்குப் பக்கத்துக் கட்டில் ஜார்ஜியாக்காரர். "நீங்க எந்த ஊரு?" என்றார். டன்வெல் என்றேன். "அந்த முள்ளங்கி பின் ஊரா!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆமாம் தங்கச்சி, உன் பின்தான் இங்கே இந்த வாரத்துப் பைத்தியம். கழுகு, சிங்கம், மின்னல் எல்லாம் எல்லா அணியிடமும் இருக்கிறது. பல்வலி வந்த முள்ளங்கி நம்மிடம் மட்டும்தான். ஒன்றுக்கு மூன்று கொடுத்து வாங்குகிறான்கள். நம் பையன்கள் ராஜா மாதிரி பேரம் பேசுகிறான்கள்.

நீ கேட்டதை எழுதுகிறேன். ஜேரட் நிமிர்ந்து நிற்கிறான். அவுட் ஆனால் தலையைத் தொங்கப் போடுவதில்லை, மட்டையை எறிவதில்லை. நடந்து வந்து அடுத்தவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காருகிறான். என்னைச் சாப்பாட்டு வரிசையில் பார்த்தால் மாமா என்று ஓடிவருவதில்லை. தொப்பி நுனியைத் தொட்டுவிட்டுப் போகிறான், எந்த அம்பயருக்கும் செய்கிற மாதிரி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ரேண்டியிடம் கேட்டுவிட்டேன். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவனாகவே செய்கிறான். பன்னிரண்டு வயதில் எனக்கு அந்தப் புத்தி இல்லை.

தக்காளியை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறான், தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை தலைமை அம்பயர் க்ளைட் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைப் பென்சில் மீசைக்காரர், சிரித்து நான் பார்த்ததே இல்லை. "உங்க பசங்க இன்னிக்கு அரையிறுதில தோத்தா நாளைக்கு இறுதி ஆட்டத்துல பிளேட் உங்களுது. இந்த வாரம் உங்கள மாதிரி ஒருத்தரும் நிக்கல" என்றார். வெர்னா, எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அரையிறுதி நடந்தபோது நான் நாலு மைதானம் தள்ளி, டெக்சாஸ் பையன்கள் ஆட்டத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து பெரிய கூச்சல் வந்தது. யாருடைய கூச்சல் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது, பந்து வந்துகொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து "பீட்ஸ்! பீட்ஸ்!" என்று மர்லாவின் குரல். நீ சொன்னது சரிதான், அவள் குரலுக்கு நாலு மைதானம் ஒரு தூரமா?

நம் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள், பிளேட் ஜார்ஜியாக்காரருக்குப் போய்விட்டது. நல்ல மனிதர், தகுதியானவர். என் மனசு ஒரு நிமிஷம் சுருங்கியது, மறைக்க மாட்டேன். ஒரு நிமிஷம்தான்.

உன் அண்ணன்,
ஆல்வின்

*

அம்பயர் கொட்டகை, ஒஹையோ
17 ஜூலை 1999

அன்புள்ள வெர்னாவுக்கு,

அடுத்த வாரப் போட்டிக்கு ஆள் பற்றவில்லை, இருந்து நின்று கொடுங்கள் என்று க்ளைட் கேட்டார். ஒத்துக்கொண்டேன். பையன்கள் காலையிலேயே ரேண்டியோடு கிளம்பிவிட்டார்கள். ஒரு ரன்னில் தோற்றது உனக்கு நேற்றே போனில் வந்திருக்கும். நாடு முழுக்க வந்த அணிகளில் இரண்டாவது இடம் நம் ஊர். அந்தக் கோப்பையைக் கடைத்தெரு ஜன்னலில் வைக்கச் சொல், எடுத்து உள்ளே பூட்டிவிடப் போகிறார்கள்.

ஜேரட் உன்னிடம் சொல்ல மாட்டான் என்று தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

இறுதி ஆட்டத்தில் எனக்கு வேலை இல்லை. சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு ஜனத்தோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் என்று நினைக்கிறாய்? மர்லா! சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "எடுத்துக்குங்க அண்ணே, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு உட்காரத் தெரியவில்லை, வெர்னா. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முகமூடி இல்லாமல் ஆட்டம் பார்த்து எத்தனை வருஷமோ.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். இரண்டு பேர் அவுட். நம் பையன் ஒருவன் மூன்றாவது பேஸில் காத்திருக்கிறான். மட்டையோடு நடந்து வருகிறவன் ஜேரட். அரங்கு முழுக்க எழுந்து நிற்கிறது, அவன் முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று என்றால் அவுட். அடுத்த பந்து தாழ்வாக, வெளி ஓரமாக வந்தது. அவன் அடிக்காமல் விட்டான். ஜார்ஜியாக்காரர் கையைத் தூக்கி ஸ்ட்ரைக் என்றார். ஆட்டம் முடிந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "யோவ்! கண்ணு எங்கய்யா இருக்கு? அது ஸ்ட்ரைக்கே இல்லய்யா! புள்ள வயித்துல அடிக்கிறியே!" என்று என் வாய் கத்துகிறது. நான்தான் கத்துகிறேன் என்று புரிவதற்கே நேரம் ஆயிற்று. கொட்டகையில் பழகி வைத்திருந்த குரல் அத்தனையும் அப்போதுதான் வெளியே வந்தது. மர்லா என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்: "அண்ணே, உக்காருங்கண்ணே, எல்லாரும் பாக்குறாங்க!" மர்லா என்னை அடக்குகிறாள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள். கீழே நின்ற க்ளைட் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு வார்த்த பேசுனா வெளிய அனுப்பிருவேன்" என்றார். சிரிப்பை அடக்கி அவர் மீசை அசைந்தது அன்றைக்குத்தான்.

அது ஸ்ட்ரைக்தான், வெர்னா. ஓரத்தைத் தொட்டது. நான் நின்றிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். தெரிந்தேதான் கத்தினேன்.

ஜேரட் ஹெல்மெட்டைக் கழற்றினான். நேராக வேலிப் பக்கம், நான் நின்ற இடத்துக்கு வந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "மாமா, அது ஸ்ட்ரைக்குதான். நல்ல பந்து. அவரத் திட்டாதீங்க" என்றான். பிறகு போய் எதிரணிப் பையன்களுக்குக் கை கொடுக்க வரிசையில் நின்றான்.

நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் என்னை யாரும் இப்படி உட்கார வைத்ததில்லை. எனக்கு அவமானமாக இல்லை, பெருமையாக இருந்தது. அந்தப் பிள்ளையை நீ பெற்றாய் என்பதில் பெருமை, அவன் என்னை மாமா என்று கூப்பிடுகிறான் என்பதில் அதைவிடப் பெருமை.

போன வருஷம் நீ வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியதில் எனக்கும் உன்மேல் கோபம் இருந்தது. உன்னிடம் சொன்னதில்லை, ரோஸ்டைத் தின்றுகொண்டே உள்ளே வைத்திருந்தேன். நேற்று நான் எழுந்து கத்தியபோதுதான் தெரிந்தது, அது அம்பயரைத் திட்டுவது இல்லை. நம் பிள்ளை அங்கே தனியாக நிற்கிறதே என்று தாங்க முடியாமல் வருவது. இப்போது எனக்குக் கோபம் இல்லை.

உன் அண்ணன்,
ஆல்வின்